விரலுக்கு நூறு தெரியும்

சாயா ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிடலாம். பூதப்பாண்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. அங்கே அம்மைக்கு 78 வயது. டிமென்ஷியா என்கிற மறதிநோய். அந்தி மயங்கினால் போதும், பட்டன் போனை எடுத்து 100-க்கு அடித்துவிடுவார். "எனக்க வளையலக் கள்ளன் கொண்டு போயிட்டான், வெரசா வாங்க." ஒரே வாரத்தில் மூன்று தடவை ஜீப் வந்து நின்றது. வளையல் அரிசிப் பானைக்குள் கிடந்தது. ஒளித்து வைத்ததும் அம்மைதான்.

மகன், நாமெல்லாம் செய்வதைத்தான் செய்தான். "இப்பதானம்மா சொன்னேன், கள்ளன் வரல்லன்னு! இனி கூப்பிட்டா போலீஸ் நம்மளப் பிடிச்சிட்டுப் போயிரும்." பத்தே நிமிஷத்தில் அடுத்த அழைப்பு போயிற்று.

எடுத்துச் சொன்னால் மனதில் நிற்கும் என்று நினைக்கிறோம் பாருங்கள், அங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். மூளையில் புதுச் சேதியைப் பதிவுசெய்கிற பகுதி ஹிப்போகேம்பஸ். கடையில் பற்று எழுதும் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். மறதிநோய்க்குப் பெரும்பாலும் காரணமாகும் அல்சைமர் நோய் முதலில் கைவைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. கணக்குப்பிள்ளை இல்லாத கடையில் நாம் சொன்னதை யார் எழுதுவது? அம்மை மறக்கவில்லை, பதியவே இல்லை. கை பழகிய வேலைகளுக்கோ பேரேடு வேறு. அதனால் விரலுக்கு 100 தெரிகிறது.

சேதி போனாலும் பயம் போவதில்லை என்பது இன்னும் முக்கியம். 2014-இல் ஐயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் உள்ள 17 பேருக்குச் சோகமான படத்துண்டுகளைக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் படம் பெரும்பாலும் மறந்துபோனது. வருத்தம் அரைமணி நேரம்வரை தங்கியது. மழை விட்டும் தூவானம் விடவில்லை. மகன் மிரட்டியதும் அப்படித்தான்: வார்த்தை போய்விட்டது, பயம் நின்றுவிட்டது. பயந்த கை எங்கே போகும்?

எல்லா அழைப்பும் அம்மை வேண்டுமென்று செய்ததாக இருக்காது என்பதையும் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பட்டன் போன்களில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு போகவேண்டும் என்பது விதி. போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலே 112 என்ற அவசர எண்ணுக்குப் போய்விடலாம். அப்படிப் போனால் படக்கென்று துண்டிக்காமல், 'தவறுதலாக வந்தது, எல்லோரும் சுகம்' என்று நாமே சொல்லிவிடுவது நல்லது.

போனைப் பிடுங்கவும் கூடாது. குளிமுறியில் வழுக்கி விழும் நாளும் வரலாம். அந்த வீட்டு மகள் ஸ்டேஷனுக்குப் போய் விவரம் சொல்லி வைத்தாள். நிழல் பார்த்து மிரளாமலிருக்க, இருட்டுமுன்பே விளக்குப் போட்டாள். அழைப்பு திடீரென்று கூடிய ஒரு வாரம், நோய் முற்றிவிட்டது என்று உட்காராமல் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப்போனாள். மூத்திரத் தொற்று. வயதானவர்களுக்கு அது மூளையைக் குழப்பக்கூடும். மருந்து கொடுத்ததும் அடங்கியது.

போனில் 2-ஐ அழுத்திப் பிடித்தால் மகளுக்குப் போகும்படி வைத்து, அந்தப் பட்டன்மேல் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டும் வைத்திருக்கிறாள். நேற்றும் அழைப்பு வந்தது.

"மக்கா, வளையலக் காணல்ல!"

"அய்யோ, எந்த வளையலும்மா? யாரு எடுத்துத் தந்தது?"

"உங்கப்பாதான்... சுசீந்திரம் தேரன்னிக்கு. அன்னிக்கு என்ன கூட்டம் மக்கா..."

தேர் நிலைக்கு வந்துசேர இருபது நிமிஷம் ஆயிற்று.