உடற்பயிற்சி இசையும் செயற்கை நுண்ணறிவும்

உடற்பயிற்சிக்கான செயற்கை நுண்ணறிவு இசை என்பது நடை, ஓட்டம், மிதிவண்டிப் பயிற்சி போன்றவற்றின் வேகத்துக்கு ஏற்பக் கணினி நிரல் புதிதாக உருவாக்கித் தரும் இசையாகும். பயிற்சியின் வகை, தாள வேகம், விரும்பும் இசைக்கருவிகள் ஆகியவற்றை எழுதிக் கொடுத்தால் சில நிமிடங்களில் பாடல் கிடைக்கும்.

பின்னணி

உழைப்போடு தாளத்தை இணைப்பது தமிழ்க் கடற்கரைக்குப் புதிதன்று. கரைவலை இழுக்கும்போதும் தோணி வலிக்கும்போதும் மீனவர்கள் பாடுபவை அம்பாப் பாடல்கள் எனப்படும். ஒருவர் முன்பாட, மற்றவர்கள் பின்பாடிக்கொண்டே ஒருசேர இழுப்பர். இழுவையின் வேகம் மாறினால் பாட்டின் வேகமும் மாறும்.

விளையாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. எத்தியோப்பிய ஓட்டவீரர் ஹைலே கெப்ரசெலாசி 1998-இல் உள்ளரங்க 2000 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனை படைத்தபோது, அரங்கில் ஒலித்த பாடலின் தாளத்துக்கு ஏற்ப அடியெடுத்து வைத்தார்.

செயல்படும் முறை

ஏராளமான இசைப்பதிவுகளிலிருந்து தாளம், சுரம், கருவிகளின் ஒலி ஆகியவற்றின் அமைப்புகளை நிரல் கற்றுக்கொள்கிறது. மெட்டா நிறுவனம் 2023-இல் வெளியிட்ட மியூசிக்ஜென், 20,000 மணி நேர இசையைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. சுனோ, யூடியோ ஆகியவை வரிகளும் குரலும் சேர்ந்த முழுப் பாடலையே உருவாக்குகின்றன.

வேகத்தைத் தேர்ந்தெடுத்தல்

தாள வேகம் நிமிடத்துக்கு இத்தனை அடிகள் என்று கணக்கிடப்படுகிறது. பெரியவர்களுக்கு நிமிடத்துக்குச் சுமார் 100 எட்டுகள் மிதமான விறுவிறுப்புள்ள நடையாகும். ஆனால் நடக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். கெட்டியான தரையில் நடப்பதைவிட, அதே வேகத்தில் இளகிய மணலில் நடக்க இரண்டு மடங்குக்கும் மேலான ஆற்றல் செலவாகும். எனவே காயல்பட்டினம் கடற்கரை மணலில் நடப்பவர், சாலை நடைக்கு அமைத்த பாடலைவிட மெதுவான தாளத்தைக் கேட்டுப் பெறுவது நல்லது.

கேட்ட வேகத்திலேயே நிரல் பாடலைத் தரும் என்று சொல்ல முடியாது. 15 விநாடிகளில் விழும் தாள அடிகளை எண்ணி நான்கால் பெருக்கினால் உண்மையான வேகம் தெரியும். முதல் ஐந்து நிமிடங்களும் கடைசி ஐந்து நிமிடங்களும் மெதுவாக இருக்கட்டும்.

குரலும் உரிமையும்

2024-இல் வெளியான 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாடலில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்தார். குடும்பத்தினரின் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் வழங்கியதாக அவர் தெரிவித்தார். அதே ஆண்டு சூன் மாதத்தில், தங்கள் பதிவுகளை அனுமதியின்றிப் பயிற்சிக்குப் பயன்படுத்தியதாகப் பெரிய இசை நிறுவனங்கள் சுனோ, யூடியோ மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தன. ஒரு பாடகரின் குரலில் பயிற்சிப் பாடல் உருவாக்கிப் பகிர விரும்புவோர் அனுமதி பெற்றாக வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

அம்பாவில் முன்பாடுபவரும் உடன் உழைப்பவர்களின் நடுவே நிற்கிறார். அவர்கள் களைப்பது அவருக்குத் தெரியும். முன்கூட்டியே உருவாக்கிய பாடலுக்குக் கேட்பவரின் மூச்சிரைப்பு தெரியாது. நடக்கும்போது பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால், பாடல் எந்த வேகத்தில் ஒலித்தாலும் நடையைக் குறைக்க வேண்டும். நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ ஏற்பட்டால் பயிற்சியை உடனே நிறுத்தி, மருத்துவ உதவி பெற வேண்டும்.