பலாலி – சென்னை: 355 கிலோமீற்றருக்கு ஏன் இவ்வளவு நேரம்?

பலாலியில் இருந்து சென்னைக்கு ரிக்கெற் எடுத்த உறவினர்கள் பலர் என்னிடம் கேட்ட கேள்வி இது. கட்டுநாயக்கவில் இருந்து போனாலும் ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம். பலாலியில் இருந்து போனாலும் கிட்டத்தட்ட அதேயளவு. அப்படியென்றால் பலாலி எப்படிக் கிட்ட?

தூரத்தில் சந்தேகமில்லை. பலாலியும் மீனம்பாக்கமும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே 3.2 பாகை அகலாங்கு வித்தியாசம். ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர் என்று வைத்தால் சுமார் 355 கிலோமீற்றர். கட்டுநாயக்கவில் இருந்து சென்னைக்கு ஏறத்தாழ 640. பலாலிக்குத் திருச்சி இன்னும் கிட்ட, 185 கிலோமீற்றர்தான்.

வித்தியாசம் விமானத்தில் இருக்கிறது. கட்டுநாயக்கவில் ஏறுவது பெரும்பாலும் ஜெற். மணிக்கு 800 கிலோமீற்றர் ஓடும். பலாலிக்கு வருவது எழுபது சொச்சம் ஆசனங்கள் கொண்ட ஏ.ரி.ஆர் 72. புரொப்பெல்லர் விமானம், வேகம் மணிக்கு 500 அளவில். அந்த வேகத்தில் 355 கிலோமீற்றரைக் கடக்க 43 நிமிடம் போதும். ஆனால் ரிக்கெற்றில் போடுவது பறக்கும் நேரத்தை மட்டுமல்ல. விமானம் தரிப்பிடத்தை விட்டு நகர்வதில் இருந்து மறுபக்கத் தரிப்பிடத்தில் நிற்கும்வரையான நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, சென்னை வானில் முறைக்காகக் காத்திருப்பது, தாமதத்துக்கென விடும் சில நிமிடங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். (2006 முதல் இரு நாட்டு மணிக்கூடும் ஒன்றே என்பதால் கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை.)

எங்களுக்கு உண்மையான கணக்கு வீட்டு வாசலில் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தில் இருந்து கட்டுநாயக்கவுக்கு வீதியால் ஏழெட்டு மணித்தியாலம். முழங்கால் வலியுள்ள அம்மாவை வைத்தியத்துக்காக இரண்டு வழியாலும் கூட்டிப் போயிருக்கிறேன். பஸ்ஸில் கழிந்த அந்த இரவு எந்த ரிக்கெற்றிலும் இல்லை.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் அமைத்த பலாலியில் இருந்து யுத்தத்துக்கு முன்பே சென்னைக்கும் திருச்சிக்கும் விமானங்கள் பறந்தன. பிறகு அது படைத்தளமானது. சர்வதேச விமான நிலையமாக 2019 ஒக்டோபர் 17 இல் திறக்கப்பட்டு, அடுத்த மாதமே சென்னைச் சேவை தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்றது. 2022 டிசம்பரில்தான் அலையன்ஸ் எயார் திரும்பி வந்தது. 2024 செப்டெம்பரில் இன்டிகோவும் சேர்ந்தது.

இனி ஜெற் வந்தால் நேரம் பாதியாகும் என்று சிலர் சொல்கிறார்கள். இவ்வளவு குறுகிய தூரத்தில் மிஞ்சுவது கால் மணித்தியாலம் அளவில்தான். பெரிய விமானத்தின் பயன் கூடுதல் ஆட்களையும் பொதிகளையும் ஏற்றுவது. அதற்கு நீளமான, உறுதியான ஓடுபாதை வேண்டும். ஓடுபாதையைச் சுற்றிக் கிடப்பது 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு இடம்பெயர்ந்தவர்களின் காணி. அவர்களில் பலர் இன்னும் அந்தக் காணிக்காகக் காத்திருக்கிறார்கள்.