மார்பில் ஒரு முத்திரை

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் நாட்டுப் பழமொழி. ஒருவர் உடுத்தியிருக்கும் துணியைக் கொண்டே அவருடைய ஊரையும் தொழிலையும் ஓரளவு உய்த்துணர்ந்த காலம் ஒன்று இருந்தது. இன்றோ துணியின் மீதே எழுத்தும் சின்னமும் ஏறிவிட்டன. உய்த்துணர வேண்டுவதில்லை, படித்தாலே போதும். ஓர் இளைஞன் எந்த ஆட்டக் குழுவின் பக்கம் நிற்கிறான், எந்த நடிகரைப் போற்றுகிறான் என்பதை அவன் அணிந்திருக்கும் டி சர்ட்டே கூறிவிடுகிறது. அவ்வகை ஆடைகளுள் சற்றே வேறுபட்ட ஒன்றைப் பற்றி இங்கு எழுதப் புகுந்தோம். அதில் இருப்பது நடிகரின் உருவமன்று, படத்தின் பெயருமன்று. வீட்டில் இருந்து பார்ப்பதற்கெனத் திரைப்படங்களைத் தட்டுகளில் பதித்து விற்கும் ஒரு நிறுவனத்தின் முத்திரை அது.

அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘கிரைட்டீரியன் கலெக்ஷன்’ என்பது அந்நிறுவனம். முதலில் லேசர் தட்டுகளிலும், பின்னர் டிவிடி, ப்ளூ ரே ஆகியவற்றிலும் உலகப் படங்களை அது வெளியிட்டு வருகிறது. ஒரு படத்தின் நல்ல பிரதி எங்கே கிடைக்கும் எனத் தேடி, கீறலையும் கறையையும் நீக்கி, அறிஞர்களின் கட்டுரையும் விளக்கவுரையும் சேர்த்து அளிப்பது அதன் முறை. ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் வரிசை எண் இருக்கும். அவ்வெண்படி அடுக்கி வைத்து மகிழும் அன்பர்கள் பல நாடுகளில் உள்ளனர். தட்டுகளோடு நில்லாது, தன் சின்னம் பொறித்த டி சர்ட்டுகளையும் தோள்பைகளையும் அந்நிறுவனம் விற்கலாயிற்று.

இதனைக் கண்ட திரைப்பட அன்பர்கள் இரு சாராராகப் பிரிந்தனர். ‘நல்ல படங்களைக் காத்துத் தரும் நிறுவனத்தின் பெயரை அணிவதில் என்ன குறை? நம்மைப் போன்ற சுவையுடையோர் தெருவில் எதிர்ப்பட்டால் அடையாளம் கண்டு பேசலாமே!’ என்பது ஒரு சாரார் கூற்று. ‘விளம்பரம் செய்வோருக்குக் கூலி கொடுப்பது உலக வழக்கம், நாமே பணம் கொடுத்து விளம்பரப் பலகையாவது என்ன நியாயம்? படத்தைப் பாராதவனும் சட்டையை வாங்கலாம் அன்றோ?’ என்பது மற்றொரு சாரார் கூற்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இவ்வழக்கைத் தீர்ப்பதற்கு நாம் அமெரிக்கா செல்ல வேண்டுவதில்லை. எல்லையோரச் சிற்றூராகிய அமரவிளையில் நின்று நோக்கினாலே போதும்.

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே, நாகர்கோவிலையும் திருவனந்தபுரத்தையும் இணைக்கும் பெருவழியில் அமைந்தது அமரவிளை. இவ்வட்டாரத்தில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும். இருமொழிப் படங்களையும் ஒரே குடும்பம் பார்த்துச் சுவைக்கும். திரைப்படத்திலிருந்து ஆடைக்கு வந்த மோகமும் இங்குப் புதிதன்று. மலையாள இயக்குநர் ஃபாசில் தமிழில் எடுத்த ‘பூவே பூச்சூடவா’ 1985ஆம் ஆண்டு வெளிவந்தபோது, அதில் நடித்த நதியாவின் பெயரால் கம்மலும் வளையலும் கடைகளில் விலைபோனதைத் தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2015இல் மலையாளப் படமாகிய ‘பிரேமம்’ வந்தது. அவ்வாண்டு ஓணத்திற்குக் கேரளக் கல்லூரிகளில் மாணவர்கள் கறுப்புச் சட்டையும் வேட்டியுமாகத் திரண்டனர். அப்படம் சென்னையிலும் இருநூறு நாட்களுக்கு மேல் ஓடிற்று.

இவையெல்லாம் கதைமாந்தரைப் போல உடுத்திப் பார்க்கும் ஆசை. பருவத்தில் தோன்றிப் பருவத்தில் மறைவது. நிறுவனத்தின் முத்திரையை அணிவது இத்தகையதன்று. முத்திரை என்பது ஓர் உறுதிமொழி. இதனை விளக்க அமரவிளையிலிருந்து நெய்யாற்றின்கரை வழியே திருவனந்தபுரம் செல்லும் அதே சாலையில் உள்ள பாலராமபுரத்தை எடுத்துக் கொள்வோம். திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மரின் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பெற்ற சாலியர் குடும்பங்கள் அங்கே தறி நட்டன. குடிபெயர்ந்து வந்த அக்கைகள் நெய்த துணி, இன்று கேரளத்தின் பெருமையாகப் போற்றப்படுகிறது. புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. பாலராமபுரம் என்ற பெயரை நம்பி ஒருவர் வேட்டி வாங்குகிறார் எனில், அப்பெயருக்குப் பின்னால் தறியும் நூலும் உழைப்பும் உண்டு என்பதே காரணம். தறி நின்றுவிட்டால் பெயர் வெறும் எழுத்தாகிவிடும். எனவே, மார்பில் ஏறிய முத்திரையைக் கண்டால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதன் பின்னால் தறி ஓடுகிறதா?

கிரைட்டீரியனைப் பொறுத்தவரை அக்கேள்விக்கு நமக்கு உறவான ஒரு விடை உண்டு. நடனக் கலைஞர் உதயசங்கர் இயக்கிய ‘கல்பனா’ என்னும் படம் 1948ஆம் ஆண்டு வெளிவந்தது. அது உருவானது சென்னை ஜெமினி ஸ்டுடியோவில். அதில் ஆடித் திரையுலகில் அடியெடுத்து வைத்தவர், பின்னாளில் தமிழகமே கொண்டாடிய பத்மினி, திருவனந்தபுரத்துப் பெண். அப்படத்தின் பிரதி புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருந்தது. அதனைக் கொண்டு, இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி நிறுவிய அமைப்பு இத்தாலியின் பொலோனா நகரில் படத்தைச் செப்பனிடச் செய்தது. 2012இல் கான் விழாவில் அது திரையிடப்பட்டது. 2022இல் கிரைட்டீரியன் அதனைத் தட்டாக வெளியிட்டது. சென்னையில் பிறந்த படம், புனேயில் உறங்கி, இத்தாலியில் நோய் நீங்கி, அமெரிக்க முத்திரையோடு வீடுகளுக்குத் திரும்பியது. இதனை அறிந்து அம்முத்திரையை அணிபவரை விளம்பரப் பலகை என்று எள்ளுதல் முறையாகாது. இதனை அறியாமல் அணிபவருக்கோ, அது மற்றுமொரு டி சர்ட்டே.

இனி நம் வட்டாரத்தின் நிலையைப் பார்ப்போம். மலையாளத்தின் முதற்படமாகிய ‘விகதகுமாரன்’ என்னும் பேசாப் படத்தை எடுத்தவர் ஜே. சி. டேனியல், குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துத் தமிழர். தம் நிலத்தை விற்றுப் படம் எடுத்தார், பொருளை இழந்தார், 1975இல் வறுமையில் மறைந்தார். அவர் பெயரால் கேரள அரசு 1992 முதல் உயரிய திரைப்பட விருதை வழங்கி வருகிறது. அப்படத்தில் நாயர் குலப் பெண்ணாக நடித்தவர் பி. கே. ரோசி, தாழ்த்தப்பட்ட குலத்தவர். அதைப் பொறாத கூட்டத்தாரின் சினத்திற்கு ஆளாகித் திருவனந்தபுரத்தை விட்டே அவர் ஓட நேர்ந்தது. அவர் நடித்த ஒரு காட்சியேனும் நமக்குக் கிடைக்குமா? கிடைக்காது. படம் முற்றிலும் அழிந்துவிட்டது. விருது இருக்கிறது, பெயர் இருக்கிறது, படம் இல்லை.

மற்றொரு படம் ‘மார்த்தாண்ட வர்மா’. நெய்யாற்றின்கரை கோயிலருகே அம்மச்சிப் பிலா என்னும் பலாமரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பியதாகக் கூறப்படும் அதே மன்னரைப் பற்றியது. சி. வி. ராமன்பிள்ளையின் நாவலைத் தழுவி 1933இல் வெளிவந்தது. நாவலின் உரிமை பெற்றிருந்த பதிப்பகத்தார் வழக்குத் தொடுத்தமையால் படம் முடக்கப்பட்டு, பிரதி அவர்கள் கைக்குச் சென்றது. 1974இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதனைப் பெற்றது. வழக்கிலே சிக்கிய படம் பிழைத்தது. வழக்கில்லாத படம் அழிந்தது. காத்து வைத்தல் என்னும் கடமையை எவரும் ஏற்காத இடத்தில், தற்செயலே காவலாளாகிவிடுகிறது.

பிழைப்பு நாடி மலையாள நாட்டிலும், வளைகுடாவிலும், கடல் கடந்த பிற நாடுகளிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு இச்செய்தி அயலார் கதையன்று. தமிழ் ஒலி கேட்காத தெருக்களில், குழந்தைகளின் காதில் தமிழை விழச் செய்தவற்றுள் வீடியோ கேசட்டும் குறுந்தட்டும் சிறப்பிடம் பெற்றவை. 2007இல் மோசர் பேயர் நிறுவனம் தமிழ் உள்ளிட்ட பல மொழிப் படங்களை விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்னும் விலையில் கொண்டு வந்தபோது, ஏழைக் குடும்பமும் ஒரு சிறு படநூலகம் வைத்துக் கொள்ள இயன்றது. 2018இல் அந்நிறுவனத்தைக் கலைக்க ஆணை பிறந்தது. அதன் முத்திரையை எவரும் மார்பில் அணிந்ததில்லை. அது விற்ற தட்டுகளோ நம் பரண்களில் இன்னும் கிடக்கின்றன. அவற்றை நாம் எப்படி வைத்திருக்கிறோம்?

கேசட்டின் காந்தநாடாவில் ஈரக் காற்றால் பூஞ்சணம் படரும். பூஞ்சணம் பிடித்ததை அப்படியே ஓட்டினால் கருவியும் கெடும், நாடாவும் கெடும். மழைக்காலம் நீண்ட எல்லையோர ஊர்களில் இவ்விடர் மிகுதி. ஆதலின் கேசட்டுகளை உலர்ந்த அலமாரியில் நிமிர்த்தி வைத்தல் வேண்டும். தட்டுகளை விளிம்பைப் பிடித்தே எடுத்தல் வேண்டும். வெயில் படாமல் பெட்டியிலிட்டு நிறுத்தி வைத்தல் வேண்டும். வீட்டில் உள்ள படங்களின் பெயர், ஆண்டு, வெளியிட்டோர், நிலை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் பிள்ளைகளைக் கொண்டு எழுதச் செய்தல் நலம். தமிழ் எழுத்துப் பயிற்சியும் அதனால் கைகூடும். சங்கங்கள் இக்குறிப்பேடுகளைத் தொகுத்தால், எந்தப் படம் எவரிடம் உள்ளது என்பது புலப்படும். கடைகளில் கிடைக்காத அரிய படம் ஏதேனும் தென்பட்டால், ஆவணக் காப்பகத்திற்கு எழுதிக் கேட்கலாம்.

இளைஞர்கள் விரும்பிய டி சர்ட்டை வாங்கி அணியட்டும். பெற்றோர் அதற்காகக் கடிந்து கொள்ள வேண்டா. அணிந்து வரும் பிள்ளையை அருகழைத்து, ‘இந்த நிறுவனம் காத்துத் தந்த படங்களுள் நீ கண்டது எது?’ என்று அன்போடு கேளுங்கள். விடை வருமாயின் அமர்ந்து கேட்டு மகிழுங்கள். வாராதாயின், அந்த ஞாயிறு மாலையே ஒரு நல்ல படத்தைக் குடும்பத்தோடு பாருங்கள். சட்டை சில ஆண்டுகளில் நைந்து போகும். காத்து வைத்த படத்தைப் பேரப்பிள்ளைகளும் காண்பார்கள்.