தாளெடுத்த தலைவன்

ஒக்லாந்து நகரின் அல்பேர்ட் பூங்காவில் ஆளுநர் சேர் ஜோர்ஜ் கிறேயின் பளிங்குச் சிலையொன்று நிற்கின்றது. விடுமுறை நாட்களில் பிள்ளைகளுடன் அவ்வழியே உலாவும் எம்மவர், அந்த ஆளுநருக்கு 1862 ஆம் ஆண்டில் அடிமைகள் விடுத்த விண்ணப்பத்தையும் அறிந்திருத்தல் நன்று. அதனை எழுத்தில் வடிப்பதில் முன்னின்றவர் ஹிரவானு தாப்பு என்னும் மொரியோரித் தலைவர்.

நியூசிலாந்தின் பெருந்தீவுகளுக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சத்தாம் தீவுகளே மொரியோரிகளின் தாயகம். நுனுக்கு என்ற முன்னோரின் கட்டளையை ஏற்று, மனிதரைக் கொல்லாமையை அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்தனர். 1835 இல் ங்காத்தி முத்துங்கா, ங்காத்தி தாமா என்னும் மவோரிக் குலத்தவர் சுமார் 900 பேர் ஐரோப்பியக் கப்பலொன்றில் இரு தடவைகளாக வந்திறங்கினர். எதிர்த்து நிற்போம் என்றனர் மொரியோரி இளைஞர். முன்னோர் கட்டளையை மீறோம் என்றனர் மூத்தோர். மூத்தோர் சொல்லே வென்றது. படுகொலை நிகழ்ந்தது; எஞ்சியோர் அடிமைகளாயினர். இளம் பராயத்தினரான தாப்புவும் அவர்களுள் ஒருவர்.

பிரித்தானியா 1833 இலேயே அடிமை ஒழிப்புச் சட்டத்தை இயற்றியிருந்தது. 1842 இல் சத்தாம் தீவுகளை நியூசிலாந்துடன் இணைத்தது. எனினும் அதன் கொடியின் கீழேயே மேலும் இருபது ஆண்டுகள் அடிமைத்தளை நீடித்தது.

ஹெயிட்டியில் அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற தூசாந்த் லூவெர்த்தூர் வாளெடுத்தார். தாப்புவும் மூத்தோரும் தாளெடுத்தனர். 1835 இல் உயிருடனிருந்த 1,663 பேரின் பெயர்களை நினைவிலிருந்து திரட்டி, மாண்டோரைக் குறியிட்டுக் காட்டினர். 1862 இல் எஞ்சியோர் 101 பேர் மட்டுமே. விடுதலையையும் நிலத்தையும் அவர்கள் கோரினர். 1863 இல் விடுதலை பிரகடனமாயிற்று. நிலமோ கிட்டவில்லை: 1870 இல் நில நீதிமன்றம் 97 வீதத்துக்கு மேற்பட்ட நிலத்தை மவோரிகளுக்கே வழங்கியது.

தாப்பு ஓயவில்லை. அருகிவந்த தம் மொழியையும் மரபுகளையும் அலெக்சாண்டர் ஷாண்ட் முதலானோர் பதிவுசெய்ய உதவி, 1900 இல் மறைந்தார். அரசு கடமை தவறியதென 2001 இல் வைத்தாங்கி நியாயசபை கண்டது. 2021 இல் நிறைவேறிய தீர்வுச் சட்டம் அரசின் மன்னிப்பையும் 180 இலட்சம் டொலர் நிதியையும் உள்ளடக்கியது.

இவ்வரலாற்றில் எம்மை உறுத்தவேண்டியது ஒன்றுண்டு. வந்தேறிய மவோரிகளும் துப்பாக்கிப் போர்களால் தரனாக்கியிலிருந்த சொந்த நிலத்தை இழந்து அலைந்தவர்களே. நாடிழந்தமை ஒருவரை நீதிமானாக்கிவிடுவதில்லை. 1833 ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கைக்குப் பொருந்தாது விடப்பட்டமையால், அங்கு அடிமைமுறை 1844 இலேயே சட்டப்படி ஒழிந்தது. யாழ்ப்பாணத்தில் அடிமைகளாயிருந்தோரும் தமிழரே, அவர்களை உடைமையாகக் கொண்டோரும் தமிழரே.

எமக்கு இழைக்கப்பட்டவற்றைப் பட்டியலிடும் நாம், நாம் இழைத்தவற்றுக்கும் ஒரு தாளை ஒதுக்குவோமாக.