புன்னகைக்கு ஒரு பீங்கான் உறை: முடிவெடுக்கும் முன் சில கணக்குகள்

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மீன் வாங்குவோரைக் கவனித்தால் ஒன்று விளங்கும். செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பர். உடலை விரலால் அழுத்திப் பார்ப்பர். அதன் பின்னரே விலை பேசுவர். முருங்கைக்காயையும் பில்டர் காப்பித் தூளையும் தேடி அங்கே செல்லும் தமிழ்க் குடும்பங்களும் இவ்வகையில் சளைத்தவர்கள் அல்லர். சில நூறு ரூபாய்ப் பொருளுக்கு நாம் காட்டும் இந்த நிதானத்தைப் பல்லாயிரம் ரூபாய் செலவாகும் பல் அழகுச் சிகிச்சைக்கும் காட்டுகிறோமா?

திருமணம், நேர்காணல், புதிய பணி என்று ஏதேனும் ஒரு காரணத்தை முன்னிட்டு, முன்பற்களுக்குப் போர்சிலின் வெனீர் பொருத்திக்கொள்ளப் பலர் விரும்புகின்றனர். விருப்பத்தில் தவறில்லை. எனினும் இது எளிதில் திரும்பப் பெற இயலாத முடிவு. வாங்கிய மீன் கெட்டிருந்தால் நட்டம் அன்றைய குழம்போடு முடிந்துவிடும். சீவிய பல் மீண்டும் வளராது.

வெனீர் என்பது யாது?

பல்லின் முன்புறத்தில் ஒட்டப்படும் மெல்லிய பீங்கான் தகடே வெனீர். இதன் கனம் பொதுவாக அரை மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். பல் முழுவதையும் மூடும் கேப்பிலிருந்து இது வேறுபட்டது.

ஹாலிவுட் நடிகர்களுக்காகச் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தகைய உறைகளைச் செய்தார். அவை படப்பிடிப்பு முடியும் வரை மட்டுமே நின்றன. நிலையாக ஒட்டும் வழி அன்று இல்லை. 1955-இல் மைக்கேல் புவோனகோர், அமிலத்தால் எனாமலின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினால் அதன்மேல் பிசின் உறுதியாகப் பற்றும் என்று காட்டினார். 1980-களில் பீங்கானின் உட்புறத்தையும் அவ்வாறே பக்குவப்படுத்தும் முறை வந்தது. இன்றைய வெனீரின் உறுதி இந்த இரண்டு கண்டுபிடிப்புகளின்மீதே நிற்கிறது.

இங்கேதான் முக்கியமான செய்தி உள்ளது. பிசின் எனாமலைப் பற்றுவதுபோல அதன் உள்ளே இருக்கும் டென்டினை அவ்வளவு உறுதியாகப் பற்றுவதில்லை. ஆகவே எவ்வளவு எனாமல் எஞ்சுகிறதோ, அவ்வளவுக்கு வெனீரின் ஆயுள் கூடும். வெனீருக்கு இடம் செய்யப் பெரும்பாலும் எனாமலைச் சிறிதளவு சீவவேண்டியுள்ளது. அதிகமாகச் சீவினால் கூச்சமும் வலியும் தோன்றலாம். சில வேளைகளில் வேர் சிகிச்சை வரை செல்ல நேரிடலாம்.

யாருக்குப் பொருந்தும்?

ஈறும் பல்லும் ஆரோக்கியமாக இருந்து, வெண்மையாக்கலுக்கு இணங்காத ஆழ்ந்த கறை, முனை உடைந்த பல், வடிவம் சிறுத்த பல், சிறிய இடைவெளி ஆகியவை உள்ளோர்க்கு வெனீர் ஏற்றது. குழந்தைப் பருவத்தில் உட்கொண்ட டெட்ராசைக்ளின் மருந்தால் ஏற்பட்ட சாம்பல் நிறக் கறையும், நிலத்தடி நீரின் மிகுதியான ஃபுளூரைடால் வந்த பழுப்புக் கறையும் இவ்வகையைச் சேர்ந்தவை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தினர் இரண்டாவதை நன்கு அறிவர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அப்பகுதியின் ஃபுளூரோசிஸ் பாதிப்பைக் குறைப்பதற்காகவே வகுக்கப்பட்டது.

பல் சொத்தையும் ஈறு நோயும் உள்ளோர் முதலில் அவற்றைக் குணப்படுத்திக்கொள்ள வேண்டும். உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்போர்க்குப் பீங்கான் விரிசல் விடும் வாய்ப்பு மிகுதி. எனாமல் பெரிதும் தேய்ந்தவர்களுக்கும், பற்கள் மிகவும் கோணியவர்களுக்கும் வேறு சிகிச்சையே முறையானது. கரும்பைப் பல்லால் உரிப்பது, நகம் கடிப்பது, பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பது ஆகிய பழக்கங்களை விட இயலாதவர்களும் மீண்டும் ஒருமுறை யோசிப்பது நலம்.

குறைவாகச் சீவும் வழியே முதல் வழி

காப்பி, தேநீர், புகையிலை ஆகியவற்றால் படிந்த கறை பல சமயங்களில் பல்லைச் சுத்தம் செய்வதாலேயே நீங்கிவிடும். அதற்கு அடுத்த படி, மருத்துவர் மேற்பார்வையில் வெண்மையாக்கல். முனை உடைந்திருந்தால் பல்லின் நிறத்திலேயே உள்ள காம்போசிட் பூச்சு போதுமானதாகலாம். அது பீங்கானைவிட விரைவில் நிறம் மாறினாலும், விலை குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. வரிசை கோணலாயின் கிளிப் போடுவதற்குக் காலம் பிடிக்கும். ஆனால் உங்கள் பல் உங்களுடையதாகவே இருக்கும்.

வெண்மையாக்க விரும்புவோர் அதனை வெனீருக்கு முன்பே செய்துகொள்ள வேண்டும். பொருத்தியபின் பீங்கானின் நிறத்தை எந்த வெண்மையாக்கலும் மாற்றாது. பக்கத்துப் பல் வெளுக்கும், வெனீர் பழைய நிறத்திலேயே நிற்கும்.

ஒருமுறைச் செலவு அன்று

நன்கு பேணப்படும் போர்சிலின் வெனீர் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள் நிற்கும். சில அதற்கு மேலும் நிற்பதுண்டு. பின்னர் புதிதாகப் பொருத்தவேண்டும். ஆதலால் இதனை வாழ்நாள் பொறுப்பாகக் கருதிக் கணக்கிடுவதே முறை.

எடுத்துக்காட்டாக, ஒரு பல்லுக்கு ரூ.12,000 என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பற்களுக்கு ரூ.96,000. கட்டணம் ஆண்டுக்கு 6 விழுக்காடு உயருமாயின், 12 ஆண்டுகள் கழித்து அதே சிகிச்சைக்குச் சுமார் ரூ.1,93,000 தேவைப்படும், 24 ஆண்டுகள் கழித்துச் சுமார் ரூ.3,89,000. 28 வயதில் பொருத்திக்கொள்பவர் 52 வயதுக்குள் இவ்விரு செலவுகளையும் சந்திக்க நேரிடலாம். முதல் தவணையோடு அடுத்த மாற்றத்திற்கான சிறு சேமிப்பையும் தொடங்குவது அறிவுடைமை.

பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் அழகுக்கான பல் சிகிச்சையை ஏற்பதில்லை. உங்கள் பாலிசியின் விலக்குப் பகுதியை முன்னரே படித்துவிடுங்கள்.

‘வட்டியில்லாத் தவணை’ என்னும் அறிவிப்பையும் கூர்ந்து நோக்க வேண்டும். பூச்சிய வட்டி என்பதே இல்லாத ஒன்று என ரிசர்வ் வங்கி 2013-இல் வங்கிகளுக்கு நினைவூட்டியது. வட்டி பல வேளைகளில் செயலாக்கக் கட்டணமாக உருமாறி நிற்கிறது. மொத்தமாகச் செலுத்தினால் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள். உண்டெனில், தவணையில் நீங்கள் இழக்கும் அத்தள்ளுபடியும் வட்டியே. கடன் பெறுவதாயின், முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு அதனை அளிப்பது கட்டாயம். அதில் காணப்படும் ஆண்டு சதவீத விகிதமே கடனின் உண்மை விலை.

கையெழுத்திடும் முன் கேட்கவேண்டியவை

• என் பற்களில் எவ்வளவு சீவப்படும்? சீவாமலோ குறைவாகச் சீவியோ செய்ய வழி உண்டா?
• சீவுவதற்கு முன், இறுதித் தோற்றத்தை என் வாயிலேயே மாதிரியாகக் காட்ட இயலுமா?
• பீங்கானின் வகை என்ன? உத்தரவாதம் எழுத்தில் கிடைக்குமா? அது உடைப்பையும் உள்ளடக்குமா?
• மொத்தக் கட்டணத்தில் எக்ஸ்ரே, தற்காலிக உறை, மறுபரிசோதனை, வரி ஆகியவை அடங்குமா?
• சிகிச்சை அளிப்பவர் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா?

இக்கேள்விகளுக்கு நல்ல மருத்துவர் பொறுமையுடன் விடை கூறுவார். ‘இன்றே முன்பணம் கட்டினால் சலுகை’ என்று அவசரப்படுத்துமிடத்தில் எழுந்து வந்துவிடுவதே நல்லது. ஐயம் இருப்பின் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் பெறுங்கள். தில்லிவாசிகளுக்கு அது தொலைவும் அன்று: ஐ.என்.ஏ.வுக்கு அடுத்த மெட்ரோ நிலையமான எய்ம்ஸில் பல் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் உள்ளது; நகரின் மற்றொரு பகுதியில் மௌலானா ஆசாத் பல் மருத்துவ அறிவியல் நிறுவனம் உள்ளது.

அனைத்தையும் ஆராய்ந்தபின் வெனீரே தகுந்தது என்று தெளிந்தால் தயக்கமின்றிப் பொருத்திக்கொள்ளலாம். கறையை மறைக்க ஆண்டுக்கணக்கில் வாயைப் பொத்திச் சிரித்த ஒருவர் கையை எடுத்துவிட்டுச் சிரிப்பது சிறிய பயனன்று. திருமணத் தேதி நெருங்குகிறது என்பதற்காக மட்டும் நலமான பல்லைச் சீவக் கொடுப்பதைத் தவிர்ப்போம். அந்த நாளுக்குச் சுத்தம் செய்த பல்லும் மலர்ந்த முகமும் போதும்.