கிரெடிட் என்றால் வரவா, கடனா?



கந்தர்வக்கோட்டையில் வங்கிக்குப் போனாலும் சரி, செல்போனில் மெசேஜ் வந்தாலும் சரி, 'கிரெடிட்' என்ற சொல் நம்மை விடுவதில்லை. சொல் ஒண்ணுதான், ஆனால் இடத்துக்கு இடம் அர்த்தம் வேறு. அது புரியாவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

சேமிப்புக் கணக்கில்: கிரெடிட் என்றால் வரவு. பால் பணமோ பென்ஷனோ ஏறினால் இப்படி வரும். பணம் கழிந்தால் 'டெபிட்', அதாவது பற்று.

கடன் கணக்கில்: நாம் கட்டிய தவணைதான் கிரெடிட். வட்டி ஏறினால் டெபிட். ஊக்குநரிடமோ பிரதிநிதியிடமோ தவணையைக் கொடுத்தால் மட்டும் போதாது. கடன் பாஸ்புக்கில் அந்தத் தொகை கிரெடிட் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கிரெடிட் லிங்கேஜ், கேஷ் கிரெடிட்: இங்கே அர்த்தம் கடன். 1992-இல் நபார்டு வங்கி தொடங்கிவைத்த குழு–வங்கி இணைப்பில் இருந்து நம்மோடு வரும் சொல் இது. கேஷ் கிரெடிட்டில் வங்கி ஒரு வரம்பு போட்டுத் தரும். எடுத்த தொகைக்குத்தான் வட்டி.

கிரெடிட் கார்டு: ஏ.டி.எம். கார்டில் நம் பணம் கழியும். இதில் செலவழிப்பது கடன்.

கிரெடிட் ஸ்கோர்: கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்கான மதிப்பெண். சிபிலில் 300 முதல் 900 வரை. தவணை தவறினால் இறங்கும்.

"இந்த கிரெடிட் குழுவுக்கே" என்றால் பாராட்டு!

இத்தனைக்கும் வேர் ஒண்ணே. லத்தீன் மொழியில் 'நம்புதல்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது இது. நம்மிடமும் இதுபோல ஒரு சொல் உண்டு. 'நாணயம்' என்றால் காசு, நேர்மை இரண்டும்தானே!

இந்தச் சொல்லை வைத்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு. "உங்களுக்குப் பணம் கிரெடிட் ஆகப் போகுது, பின் நம்பரைப் போடுங்க" என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை, அனுப்பத்தான் தேவை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

1991-இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். இப்போது வங்கியின் மொழியையும் கற்றுக்கொள்வோம். அடுத்த குழுக் கூட்டத்துக்கு இரண்டு பாஸ்புக்கையும் கொண்டு வாங்க. கிரெடிட், டெபிட் இரண்டையும் எல்லா உறுப்பினரும் விரல் வைத்து ஒருமுறை படித்துப் பார்ப்போம்.