விலை போகாத பரங்கிக்காயில் வீட்டுக்கு ஒரு சூப்

பொங்கல் வரையில் பரங்கிக்காய்க்குச் சந்தையில் மதிப்பு உண்டு. பொங்கல் கூட்டுக்கும் குழம்புக்கும் அது வேண்டும். பண்டிகை கழிந்து பத்து நாள் ஆனால் கேட்பாரில்லை. எல்லோருடைய கொடியிலும் ஒரே சமயத்தில் காய் முற்றுவதால் விலை இறங்கிவிடுகிறது. வண்டி வாடகைகூடக் கட்டாது என்று பல விவசாயிகள் மிச்சக் காயை வயலிலேயே விட்டுவிடுகிறார்கள். அல்லது மாட்டுக்கு வெட்டிப் போடுகிறார்கள். அதே குடும்பத்தார் மாசி, பங்குனியில் கையில் பையுடன் கடைக்குப் போய்க் காய்கறி வாங்குகிறார்கள்.

நன்றாக முற்றிய பரங்கிக்காயைப் பக்குவமாக வைத்தால் இரண்டு, மூன்று மாதம் கெடாது. அதைக் கொண்டு பாலும் வெண்ணெயும் மாவும் இல்லாமலேயே கெட்டியான, வழவழப்பான சூப் ஒன்றை வீட்டில் தயாரிக்கலாம். சூப் என்றதும் ஆட்டுக்கால் சூப்தான் நம் நினைவுக்கு வரும். ஓட்டல்களில் காய்கறி சூப் கெட்டியாக இருப்பதற்குச் சோளமாவும் பாலேடும் சேர்ப்பார்கள். பரங்கிக்காய்க்கு அவை தேவையில்லை. முற்றிய காயின் சதையிலுள்ள மாவுச்சத்தும் பெக்டின் என்ற பசைப்பொருளுமே சூப்பைக் கெட்டியாக்கிவிடும். கொழுப்புக்குத் தேங்காய்ப்பாலோ வேர்க்கடலையோ போதும். இரண்டும் நம் தோட்டத்தில் கிடைப்பவை.

கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. சொசைட்டிக்கு ஊற்ற வேண்டிய பாலில் கை வைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இந்தச் சூப் பாலுக்கு ஈடு ஆகாது. வீட்டில் சிறு குழந்தை இருந்தால் அதற்குரிய பாலை எடுத்து வைத்துவிட்டு மீதியை ஊற்றுங்கள்.

எந்தப் பூசணி?

ஊருக்கு ஊர் பெயர் மாறுவதால் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே சொல்வது மஞ்சள் நிறச் சதையுள்ள பரங்கிக்காய். சர்க்கரைப் பூசணி, மஞ்சள் பூசணி என்றும், கொங்கு நாட்டில் அரசாணிக்காய் என்றும் வழங்குவது இதுவே. திருஷ்டி கழிக்க உடைக்கும் சாம்பல் பூத்த வெண்பூசணி இதற்கு உதவாது. அதில் நீர்தான் அதிகம். பரங்கி அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய கொடி. கடல் கடந்து வந்தவர்களோடு நம் நாட்டுக்கு வந்தது என்பதை அதன் பெயரே சொல்லும். இன்று நம் கூரைமேல் படரும் சொந்தக் கொடியாகிவிட்டது.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம் ஏழு, எட்டு கிலோ எடையுள்ள பெரிய காய் தரும். கோ 2 ரகக் காய் ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருக்கும். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா சூர்யமுகி காய் ஒரு கிலோ அளவுதான். வீட்டு உபயோகத்துக்குச் சிறிய காயே ஏற்றது. பெரிய காயை அறுத்தால் மூன்று, நான்கு நாளில் தீர்த்தாக வேண்டும். கோ 1 பயிர் செய்பவர்கள் ஒரு காயை நாலு வீட்டாருடன் பங்கிட்டுக்கொள்வது நல்லது.

பறிக்கும் பக்குவம்

சூப்பின் தரம் கொடியிலேயே முடிவாகிவிடுகிறது. பிஞ்சும் பாதி முற்றிய காயும் பொரியலுக்கு ஆகும், சூப்பில் நீர்த்துப்போகும். முற்றிய காயை இப்படி அறியலாம்:

1. காம்பு பச்சை நிறம் மாறிக் காய்ந்து, தக்கைபோல ஆகியிருக்கும்.

2. தோலில் நகத்தை அழுத்தினால் இறங்காது.

3. தரையில் படிந்திருந்த பக்கம் வெண்மை மாறி மஞ்சளாகியிருக்கும்.

4. தோலின் பளபளப்பு மங்கியிருக்கும்.

பறிக்கும்போது காம்பை விரலளவு நீளம் விட்டுக் கத்தியால் அறுக்க வேண்டும். கையால் திருகக்கூடாது. காம்பைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. காம்பு பிடுங்கிக்கொண்டால் அந்தக் குழி வழியாகவே அழுகல் இறங்கும்.

பறித்த காயை மழையும் பனியும் படாத, காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம், பத்து நாள் பரப்பி ஆறவிட வேண்டும். சிறு கீறல்கள் இதற்குள் ஆறிவிடும், தோலும் இறுகும். பிறகு வைக்கோல் மேல் ஒன்றோடொன்று படாமல் பரணில் அடுக்கலாம். உறியில் தொங்கவிடுவதும் நல்ல பழைய முறையே. குவித்து வைத்தால் அடியிலுள்ளது அழுகி, மற்றவற்றையும் கெடுத்துவிடும். வாழைத்தார், மாம்பழம் பழுக்க வைக்கும் அறையில் வைக்கவேண்டாம். பழங்களிலிருந்து வரும் எத்திலீன் வாயு காயின் ஆயுளைக் குறைக்கும். வாரம் ஒரு முறை ஒவ்வொரு காயையும் புரட்டிப் பாருங்கள். கீறல் ஆறாத காயையும் காம்பு இழந்த காயையும் முதலில் சமைத்துவிட வேண்டும்.

வைத்திருப்பதில் லாபமும் உண்டு. காய் இருக்க இருக்க அதிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகிறது. பறித்த அன்று சமைத்த காயைவிட, ஒரு மாதம் ஆன காய் இனிப்பாக இருப்பது இதனால்தான்.

வேண்டிய பொருள்கள்

நாலைந்து பேருக்கு:

முற்றிய பரங்கிக்காய் – அரை கிலோ (விதை நீக்கியது)
சின்ன வெங்காயம் – 12
பூண்டு – 3 பல்
இஞ்சி – கட்டைவிரல் நுனியளவு
தேங்காய் – அரை மூடி
மிளகு – அரை தேக்கரண்டி
சீரகம் – அரை தேக்கரண்டி
கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் – ஒரு மேசைக்கரண்டி
கறிவேப்பிலை – ஒரு இணுக்கு
எலுமிச்சம்பழம் – பாதி
உப்பு – தேவையான அளவு

செய்முறை

காயை அறுத்ததும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயை முழுவதும் ஒதுக்கிவிட வேண்டும். பூசணிக் குடும்பத்துக் காய்களில் சில சமயம் குக்கர்பிட்டாசின் என்ற கசப்பு நஞ்சு மிகுந்துவிடும். அது வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். வேகவைத்தாலும் போகாது. உப்பு, புளி சேர்த்துக் கசப்பை மறைக்க முயல வேண்டாம். மாட்டுக்கும் போடக்கூடாது.

முற்றிய காயின் தோலைச் சீவுவது கஷ்டம். கத்தி வழுக்கிக் கையை அறுத்துவிடும். ஆகவே தோலுடனேயே பெரிய துண்டுகளாக வெட்டி, இட்லிப் பானையில் தட்டின்மேல் வைத்துப் பதினைந்து நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். தண்ணீரில் போட்டு வேகவைப்பதைவிட இது மேல். சதை நீர் கோர்க்காது. சத்தும் ருசியும் தண்ணீரோடு போகாது. வெந்தபின் கரண்டியால் வழித்தால் தோல் தனியே வந்துவிடும்.

இதற்குள் தேங்காயைத் துருவி, அரைத் தம்ளர் வெந்நீர் விட்டு அரைத்துப் பிழியுங்கள். இது முதற்பால். தனியே வையுங்கள். அதே சக்கையில் இரண்டு தம்ளர் வெந்நீர் விட்டு மீண்டும் அரைத்துப் பிழிந்தால் இரண்டாம் பால் கிடைக்கும்.

வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் சீரகம், கறிவேப்பிலை போட்டு, நறுக்கிய வெங்காயம், பூண்டு, இஞ்சியைச் சேர்த்துச் சிறு தீயில் வதக்க வேண்டும். வெங்காயம் கருகக்கூடாது, கருகினால் சூப்பின் நிறமும் ருசியும் கெட்டுவிடும். வதங்கியதை ஆறவைத்து, வெந்த பரங்கிச் சதையுடன் சேர்த்து அம்மியிலோ மிக்சியிலோ விழுதாக அரைக்கவும். சூடாக மிக்சியில் போட்டு மூடினால் ஆவி மூடியைத் தள்ளி முகத்தில் தெறிக்கும். எச்சரிக்கை தேவை. மின்சாரம் இல்லாத நேரத்தில் பருப்பு மத்தால் நன்றாகக் கடைந்தாலும் போதும்.

அரைத்த விழுதில் இரண்டாம் பாலும் உப்பும் சேர்த்து, ஐந்து நிமிடம் சிறு தீயில் கொதிக்கவிடுங்கள். அடிக்கடி கிளற வேண்டும். மிகக் கெட்டியாகத் தோன்றினால் இட்லிப் பானையின் அடியில் மிஞ்சிய நீரைக் கொஞ்சம் விடலாம். பிறகு அடுப்பிலிருந்து இறக்கி, முதற்பாலை ஊற்றிக் கலக்குங்கள். கடைசியாக இடித்த மிளகும் சில துளி எலுமிச்சைச் சாறும் சேர்க்கவும். எலுமிச்சை காயின் திகட்டலை அடக்கும்.

முதற்பாலை அடுப்பில் இருக்கும்போது ஊற்றக்கூடாது. நன்றாகக் கொதித்தால் பாலிலுள்ள புரதம் திரிந்து, எண்ணெய் தனியே பிரிந்துவிடும். சுவை அப்படியே இருந்தாலும் வழவழப்பு போய்விடும்.

தேங்காய் இல்லாவிட்டால்

தேங்காய் விலை ஏறியிருக்கும்போது ஒரு கைப்பிடி வேர்க்கடலை போதும். வறுத்துத் தோல் நீக்கி, அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, வெண்ணெய்போல அரைத்து விழுதுடன் சேர்க்கலாம். இது தேங்காய்ப்பால்போலத் திரியாது, நன்றாகக் கொதிக்கவிடலாம். ஆனால் கடலை நல்லதாக இருக்கவேண்டும். பூஞ்சணம் பிடித்த, நிறம் மாறிய, சுருங்கிய பருப்பைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அதில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கக்கூடும். வறுப்பதால் அது முழுவதும் அழியாது.

காய் போதிய அளவு முற்றாமல் சூப் நீர்த்துப்போனால் ஒரு கைப்பிடி சோற்றை அரைத்துக் கலக்கலாம். நார் தட்டுப்பட்டால் வடிகட்டினால் சரியாகிவிடும்.

கண்ணுக்கு நல்லது

பரங்கிச் சதையின் மஞ்சள் நிறம் கரோட்டின் என்ற பொருளால் வருவது. அது உடலில் வைட்டமின் ‘ஏ’ ஆக மாறுகிறது. இந்த வைட்டமின் குறைந்தால் மாலைக்கண் வரும். முற்றினால் சிறு குழந்தைகளின் பார்வையே போய்விடும். இதைத் தடுக்கவே 1970-ல் நம் நாட்டில் குழந்தைகளுக்கு வைட்டமின் ‘ஏ’ திரவம் கொடுக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. ஒன்பதாவது மாதத்திலிருந்து ஐந்து வயது வரை கொடுக்கும் அந்த மருந்தைத் தவறாமல் கொடுக்க வேண்டும். சூப் இருக்கிறதே என்று அதை விட்டுவிடக்கூடாது.

கரோட்டின் உடலில் சேர்வதற்குக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். வெறும் தண்ணீரில் வேகவைத்துக் கொடுத்தால் பலன் குறைவு. எண்ணெயும் தேங்காய்ப்பாலும் கடலையும் ருசிக்காக மட்டும் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு உப்பும் மிளகும் சேர்க்குமுன் ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்துப் பழக்கலாம். கடலை சேர்த்த சூப்பை முதல் முறை கொடுக்கும்போது மிகக் கொஞ்சமாகக் கொடுத்து, ஒவ்வாமை உண்டா என்று கவனியுங்கள். சர்க்கரை நோயாளிகள் ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டு, அந்த வேளைச் சோற்றையும் குறைத்துக்கொள்வது நல்லது.

மீதியும் வீண் அல்ல

தோலையும் நடுவிலுள்ள நாரையும் சிறு துண்டுகளாக நறுக்கி மாட்டுக்குக் கொடுக்கலாம். பெரிய துண்டாகப் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து அடுத்த பட்டத்துக்கு வைக்கலாம். வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் விதை எடுக்க வேண்டாம். தாய்ச்செடியின் குணம் வராது. பக்கத்தில் வேறு பூசணி ரகங்கள் இருந்தாலும் தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். விதைக்கு மேல் மிஞ்சியதை வறுத்து உப்புப் போட்டுக் கொறிக்கலாம்.

மார்கழியில் கோலத்தில் வைக்கக் குழந்தைகள் பூப் பறிப்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்க வேண்டும். மெல்லிய நீண்ட காம்புள்ளது ஆண் பூ, அதைப் பறிக்கலாம். பூவின் அடியில் குட்டிக் காய் ஒட்டியிருந்தால் அது பெண் பூ. அதைப் பறித்தால் ஒரு காய் போயிற்று. ஆண் பூக்களிலும் சிலவற்றைத் தேனீக்களுக்காக விட்டுவைக்க வேண்டும்.

வரும் ஆடிப் பட்டத்தில் வீட்டோரம், சோப்பு கலக்காத கழிவுநீர் போகும் இடத்தில் ஒரு முழ ஆழத்துக்கு இரண்டு குழி எடுத்து, மக்கிய தொழு உரம் இட்டு, குழிக்கு நாலைந்து விதை ஊன்றுங்கள். முளைத்ததும் வலுவான இரண்டு செடியை மட்டும் விட்டுக் கூரையில் ஏற்றிவிடலாம். வயலில் விளைந்தது சந்தைக்குப் போகட்டும். கூரையில் விளைந்தது பரணில் ஏறட்டும்.